தலைவர் தூக்கிய நெத்திலிக் கூடை

கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையோரம் இருக்கிறது நங்கூரத் தெரு. சுனாமிக்குப் பிறகு அந்தத் தெருவுக்குத் திட்டங்கள்தான் அலை அலையாக வந்தன. ஒவ்வொரு திட்டத்தோடும் ஒரு கார் வரும். காரிலிருந்து ஒருவர் இறங்குவார். மூக்கைப் பொத்திக்கொண்டு, "அருமையான இடம்!" என்பார். போய்விடுவார்.

2010-ஆம் ஆண்டு மாசி மாதம் வந்த திட்டம் மட்டும் அப்படிப் போகவில்லை. மினி லாரியில் ஏறி, மேசை அகலத்துக்கு ஒரு தெர்மாகோல் ஊராக வந்து இறங்கியது.

"தொடாதீங்க! யாரும் தொடாதீங்க! பார்வை மட்டும்!" என்றார் கூடவே இறங்கிய தட்சிணாமூர்த்தி.

அவர் எழில் நகரக் குழுவின் தலைவர். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பாத்திரக் கடையும் ஒரு கல்யாண மண்டபமும் வைத்திருந்தார். மண்டபத்து மைக் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததாலோ என்னவோ, அவருக்குச் சாதாரணமாகப் பேசவே வராது. ஒரு டீ வேண்டும் என்றால்கூட, "இந்த இனிய வேளையிலே எனக்கு ஒரு டீ" என்றுதான் கேட்பார்.

தெருவே தெர்மாகோல் ஊரைச் சுற்றி நின்றது. ஸ்பாஞ்சு மரங்கள் பச்சைப் பசேலென்று இருந்தன. ஷூ போட்ட நான்கு பிளாஸ்டிக் பொம்மைகள் கைவீசி நடந்துகொண்டிருந்தன. உப்பனாறு, தன் ஆயுளில் ஒருநாளும் இருந்திராத நீல நிறத்தில் ஓடியது.

ஆறாம் வகுப்பு படிக்கும் வெண்மதி கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் வந்தாள். குனிந்து, நிமிர்ந்து, அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள்.

"சார், கருவாடு எங்க?"

"என்ன பாப்பா?"

"இது எங்க திடல்தானே? இங்கதானே எங்கம்மா கருவாடு காய வெப்பாங்க? அத வெக்க மறந்துட்டீங்க."

தலைவர் சிரித்தார். "பூங்காவிலே கருவாடா? இது புல்வெளி. இதுலதான் மக்கள் உலாவப் போறாங்க."

"நாங்களும் மக்கள்தானே சார்?"

"யார் இல்லைன்னா? உங்களுக்குத்தான் மாற்று இடம் ஒதுக்கியிருக்கோமே. சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டி. நல்ல காற்றோட்டமான இடம். திங்கட்கிழமை இங்க வேலிக்கல் நடறோம். மக்கள் ஒத்துழைக்கணும்!"

மக்கள் ஒன்றும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் பொம்மைகளும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று வீட்டில் அம்மா மலர்க்கொடி மீன் கழுவியபடியே சொன்னாள். "சிப்காட்டுக்கு அந்தாண்ட தெனமும் கூடைய தூக்கினு யாரால போவ முடியும்? திடல் போச்சின்னா நாம நாகப்பட்டினத்துக்குப் போயிட வேண்டியதுதான். பெரிம்மா எறால் கம்பெனியில வேல வாங்கித் தரேன்னு சொல்லியிருக்கா. நீயும் அங்கியே படிச்சிக்க."

"என் பள்ளிக்கூடம்?"

"அங்கியும் பள்ளிக்கூடம் இருக்குடி."

"அங்க உப்பனாறு இருக்கா? நம்ம தெரு இருக்கா?"

அம்மா கழுவிய மீனையே மறுபடியும் கழுவினாள்.

*

தலைவருக்கும் ஒரு சிக்கல் இருந்தது. 'மக்கள் பங்கேற்பு' நடந்ததாகப் போட்டோ எடுத்து மேலே அனுப்பினால்தான் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்கும். மக்களை எப்படிப் பங்கேற்க வைப்பது? பிரியாணி போடலாமா என்று யோசித்தார். அப்போதுதான் யாரோ சிதம்பரத்திலிருக்கும் 'ஊரே மேடை' நாடகக் குழுவைப் பற்றிச் சொன்னார்கள்.

"பங்கேற்பு நாடகம் போடறாங்களாம் தலைவரே."

"பேரிலேயே பங்கேற்பு இருக்கா? கூப்பிடு!" என்றார் அவர். அது என்ன நாடகம் என்று மட்டும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை குழு வந்து இறங்கியது. மொத்தமே மூன்று பேர். தாடியும் ஜிப்பாவுமாக எழிலன். கல்லூரியில் படிக்கும் ஜான்சி. தொப்பையை ஒரு தலையணையாகத் தனியே எடுத்து வந்திருந்த, அரசு என்ற இளைஞன்.

திடலின் பெரும்பகுதியில் பழைய வலைகளை விரித்து நெத்திலியைப் பரப்பியிருந்தார்கள். ஓரத்தில் பூவரச மரத்தடிதான் மேடை. எழிலன் நடுவில் நின்று கையை உயர்த்தினார்.

"இங்கே பார்வையாளர் என்று எவரும் இல்லை! நாம் எல்லோரும் சேர்ந்து அந்தச் சுவரை உடைக்கப் போகிறோம்!"

கொளஞ்சியம்மாள் திடுக்கிட்டு எழுந்தாள். தெருவிலேயே பெரிய குரல் அவளுடையதுதான். "எந்தச் செவுத்த? ஏற்கெனவே அவுங்க திடல புடுங்கறாங்க, நீங்க வேற செவுத்த ஒடைக்க வந்துட்டீங்களா?"

"இல்லம்மா... அது நடிக்கிறவங்களுக்கும் பாக்கிறவங்களுக்கும் நடுவுல இருக்கிற..."

"அங்க செவுரே இல்லியே தம்பி!"

ஜான்சி சிரித்துக்கொண்டே முன்னால் வந்தாள். "அக்கா, விஷயம் சிம்பிள். நாங்க ஒரு கத நடிப்போம். அதுல நான் மீன்காரம்மா. கஷ்டப்படுவேன். 'நானா இருந்தா வேற மாதிரி செஞ்சிருப்பேன்'னு உங்களுக்குத் தோணுச்சின்னா, 'நில்லு!'ன்னு கத்துங்க. நாடகம் நின்னுடும். என் எடத்துக்கு நீங்க வந்து நடிக்கலாம்."

எழிலன் கையில் ஒரு தாம்பாளமும் கரண்டியும் இருந்தன. சுற்றிலும் பார்த்தார். முன்வரிசையில் கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்த வெண்மதியிடம் கொடுத்தார். "யாராவது 'நில்லு'ன்னு சொன்னா நீ தட்டணும். மறுபடி நீ தட்டினாத்தான் நாடகம் நடக்கும். விதியைக் காப்பாத்த வேண்டியது நீதான்."

"யாரு சொன்னாலும் தட்டணுமா அண்ணே?"

"யார் சொன்னாலும். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

முதலில் தலைவர், கையோடு கொண்டுவந்திருந்த மண்டபத்து மைக்கை மரத்தடியில் நிறுத்திவிட்டு, குத்துவிளக்கு ஏற்றினார். ஏற்ற முயன்றார் என்பதே சரி. கடற்காற்றுக்குத் தலைவர் யார் என்று தெரியாது. ஒரு தீப்பெட்டி முழுதும் தீர்ந்தது. கடைசியில், "எரியற மாதிரி எடுத்துக்கப்பா" என்று போட்டோக்காரரிடம் சொல்லி, எரியாத விளக்கின் முன் பக்தியோடு நின்றார். பளபளக்கும் பொன்னாடை ஒன்றை அவருக்குப் போர்த்தினார்கள். பொன்னாடையை அவரே வாங்கி வந்திருந்தார்.

*

நாடகம் தொடங்கியது. அரசு தலையணைத் தொப்பையோடு நாற்காலியில் சாய்ந்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, "மாற்று இடம் இருக்கிறது! மக்கள் ஒத்துழைக்கணும்!" என்றான். தெரு கைதட்டியது. ஜான்சி காலிக் கூடையோடு வந்து கெஞ்சினாள்.

பாதியில் பத்துப் பதினைந்து பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். எழிலனின் முகம் வாடியது. "புடிக்கலையா? ஏன் போறாங்க?"

"மேல காஞ்சிடுச்சி தம்பி. கீழ காய வாணாமா?" என்றாள் மலர்க்கொடி. நெத்திலியைப் புரட்டிப் போட்டுவிட்டு எல்லோரும் திரும்பி வந்து, விட்ட இடத்தில் உட்கார்ந்தார்கள்.

"நில்லு!" என்றது ஒரு குரல். 'டங்!' என்று தட்டினாள் வெண்மதி. எழுந்து வந்தவர் கட்டுமரக்காரர் அய்யனார். நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து கறுப்புக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார்.

"ஐயா, மீன்காரம்மாவாத்தான் நடிக்கணும்" என்றார் எழிலன்.

"நாங்க தெனமும் அதானே தம்பி? ஞாயித்துக்கெழம ஒருநாளாவது தலைவரா இருந்துட்டுப் போறோமே!"

அடுத்து வந்தவரும் நாற்காலியைத்தான் தேடினார். அதற்கடுத்து வந்த கொளஞ்சியம்மாள் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இந்த இனிய வேளையிலே எனக்கு ஒரு டீ!" என்றாள். சிரிப்பில் பூவரச மரமே குலுங்கியது.

தட்சிணாமூர்த்தியால் பொறுக்க முடியவில்லை. தலைவர் பதவியை இப்படியா ஆளாளுக்குக் கேவலப்படுத்துவது? அவர் எழுந்தார்.

"நில்லு! தலைவர்னா எப்படி இருக்கணும்னு நான் நடிச்சிக் காட்டறேன்!"

'டங்!'

அவர் நாற்காலியை நோக்கி நடந்தார். வெண்மதி தாம்பாளத்தை மார்போடு அணைத்தபடி குறுக்கே வந்து நின்றாள்.

"சார், ரூல்படி நீங்க மீன்காரம்மாதான் ஆவணும்."

"நானா? நான் உண்மையான தலைவர் பாப்பா!"

"அதனாலதான் சார். தலைவர் எப்படி இருப்பாருன்னு உங்களுக்குத் தெரியும். இது எப்படி இருக்கும்னு தெரியாதுல்ல?"

போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். மக்கள் பங்கேற்பு என்று தலைவரே வாய் நிறையச் சொல்லியிருந்தார். மக்களும் வாய் நிறையச் சிரிப்போடு காத்திருந்தார்கள். வேறு வழி இல்லை.

"சரி, கூடையைக் கொடுங்க" என்றார் அவர், அமைச்சர் பதவி ஏற்பவரைப் போல.

"காலிக் கூடைய தூக்கினு நடந்தா ஆச்சா?" என்று மலர்க்கொடி, கழுவி வைத்திருந்த தன் நெத்திலிக் கூடையைக் கொண்டு வந்து அவர் தலையில் ஏற்றினாள். கூடை ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் மறுபக்கம் சாய்ந்தார். மீன்தண்ணீர் வெள்ளைச் சட்டைக்குள் கோடாக இறங்கியது.

"தலைவரே, ஒத்துழைப்பு குடுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

"நல்ல காத்தோட்டமா இருக்கா?" என்றது இன்னொரு குரல். சிரிப்பும் விசிலும் அடங்கவில்லை.

தலைவரின் காது சிவந்தது. கூடையைக் கீழே இறக்கிவிட்டுக் கிளம்பப் போனார். வெண்மதி அவர் முகத்தைப் பார்த்தாள். பள்ளி ஆண்டு விழாவில் பாட்டு மறந்துபோய் நின்றபோது அவளுக்கும் காது இப்படித்தான் எரிந்தது. இவர் இப்போது போனால் கோபத்தோடு போவார். கோபத்தோடு போகிறவர் நாளைக்கு வேலிக்கல்லோடுதான் வருவார்.

'டங்! டங்! டங்!'

"யாரும் நில்லுன்னு சொல்லலியே?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"நான் சொல்றேன், நில்லு! அவரு எப்படி அத்த தூக்குவாரு? சும்மாடு இல்லாம நீ தூக்குவியா?"

சிரிப்பு சட்டென்று குறைந்தது. சும்மாடு இல்லாமல் கூடை தூக்கும் கொடுமை அந்தத் தெருவுக்குத் தெரியும்.

சுமைக்கு அடியில் வைக்கச் சுருட்டுவதற்குத் துணி வேண்டும். வெண்மதி சுற்றிலும் பார்த்தாள். தலைவரின் தோளில் பொன்னாடை பளபளத்தது. "தருவீங்களா சார்?" என்று கேட்டாள். அவர் ஒரு விநாடி தயங்கி, பிறகு கழற்றிக் கொடுத்தார். அதை முறுக்கி, வளையமாகச் சுற்றி, அவரைக் குனியச் சொல்லித் தலையில் வைத்தாள். ஜான்சியும் மலர்க்கொடியும் கூடையை ஏற்றினார்கள். இந்தமுறை கூடை அசையாமல் உட்கார்ந்தது.

"அட!" என்றார் தலைவர். அன்று அவர் தலைவர் என்பதை மறந்து, தன்னையறியாமல் சொன்ன முதல் சொல் அதுதான்.

"இப்ப எங்க சார் காய வெப்பீங்க?" என்று கேட்டு, வெண்மதி தாம்பாளத்தைத் தட்டினாள்.

*

எழிலனின் தமிழ் தெருவுக்குப் புரியவில்லை. அவருடைய நாடகம் நன்றாகவே புரிந்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரு ஓர் ஊராக மாறியது.

தலைவர் சாலையோரம் போனார். பத்துப் பையன்கள் லாரிகளாகி, "பாம்! பாம்!" என்று உரசிக்கொண்டு பறந்தார்கள். மாடி வீட்டுக்குப் போனார். நான்கு சிறுமிகள் வீட்டுக்காரர்களாகி மூக்கைப் பொத்தினார்கள். அந்த மூக்கைப் பொத்தும் விதத்தைத் தெருவுக்கு வந்த கார்களிடமிருந்துதான் கற்றிருந்தார்கள்.

"பஸ் ஏறிச் சிப்காட் தாண்டிப் போறேன்" என்றார் தலைவர்.

கொளஞ்சியம்மாள் கண்டக்டரானாள். "யோவ், எறங்கு எறங்கு! கருவாட்டுக் கூடையெல்லாம் ஏத்த முடியாது! மத்தவங்க வர வாணாமா?" இதை அவள் யோசித்துப் பேசவில்லை. கேட்டுக் கேட்டு மனப்பாடம்.

"நானும் டிக்கெட் எடுக்கறேம்மா!"

"நீ எடுப்ப. ஒன் மீனு எடுக்குமா? எறங்குய்யா!"

மூன்று பஸ் போனது. மூன்றிலும் கொளஞ்சியம்மாளே கண்டக்டர். வேறு வழியின்றி அவர் திடலைச் சுற்றி நடந்தே போனார். வெயில் ஏறியது. ஒருவழியாக, ஜான்சி கல் வைத்து 'மாற்று இடம்' என்று காட்டிய மூலைக்கு வந்து கூடையை இறக்கினார்.

"தண்ணி எங்க?" என்றார் மூச்சுவாங்கியபடி.

"அங்க தண்ணி கெடையாது தலைவரே" என்றாள் மலர்க்கொடி. அவள் குரலில் கேலி இல்லை. "நாங்க போயி பாத்துட்டு வந்தோம்."

அவர் கூடைக்குள் பார்த்தார். ஏறும்போது வெள்ளியாக மின்னிய நெத்திலியில் மேலே இருந்தவை மட்டும் வயிறு வெடித்துக் குழையத் தொடங்கியிருந்தன.

மறுபடி நாற்காலிக்கு வந்திருந்த அரசு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே கூவினான். "அருமையான இடம்! நல்ல காற்றோட்டம்! மக்கள் ஒத்துழைக்கணும்!"

தலைவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"யோவ்! அந்த எடத்துக்கு நீ ஒரு தடவையாவது போயி பாத்தியாய்யா? நாற்காலியில உக்காந்துக்கிட்டு பேசற! மீனு கெட்டுப் போவுதுய்யா!"

அரசுவுக்கு அடுத்த வசனம் மறந்துவிட்டது. விளக்கம் சொல்ல எழிலன் வாயைத் திறந்தார். வெண்மதி கரண்டியை உயர்த்திக் காட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டார். நல்ல நாடகக்காரருக்கு எப்போது பேசக்கூடாது என்று தெரியும்.

தலைவர் கேட்ட கேள்வி அவர் காதுக்கே அப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். நெத்திலி பரப்பிய திடலையும் ஆற்றையும் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்.

"பூங்காவுக்குக் காத்து வாங்க வரவங்க சாயங்காலம்தானே வருவாங்க? மீனு காயறது காலையிலயும் மத்தியானமும். ஆத்துப் பக்கம் வேலி எதுக்கு? புல்லு அந்த ஓரத்துல இருந்தா போதாதா? ரெண்டும் இருக்கட்டுமே."

யாரும் கைதட்டவில்லை. வெண்மதி அவர் பக்கத்தில் வந்தாள்.

"சார், இத மீன்காரம்மா சொன்னாங்களா, நீங்க சொன்னீங்களா?"

"என்ன?"

"நாடகத்துல சொன்னீங்களா, நெசமாவா?"

தலைவர் போட்டோக்காரரைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். மைக் பக்கம் அவர் போகவில்லை.

"நெசமாத்தான் பாப்பா" என்றார்.

வெண்மதி தாம்பாளத்தைத் தட்டினாள். எத்தனை முறை தட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. மலர்க்கொடி ஓடிப்போய்க் கூடையைத் தூக்கினாள். "மொதல்ல மீன பரப்பலாம் வாங்கடி! அப்பறம் சந்தோஷப்படலாம்!" தெருவே சேர்ந்து பரப்பியது. ஜிப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு எழிலனும் பரப்பினார். குழைந்ததைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தையெல்லாம் காப்பாற்றிவிட்டார்கள்.

*

திங்கட்கிழமை வேலிக்கல் வந்தது. சாலைப் பக்கம் மட்டும் நட்டார்கள். ஆற்றுப் பக்கம் திறந்தே கிடந்தது. மலர்க்கொடி நாகப்பட்டினத்துக்குப் போன் போட்டு, "வரலக்கா. இங்கியே ஜாஸ்தி வேல கெடக்கு" என்றாள்.

சில நாள் கழித்துப் பலகை ஒன்றும் வந்தது. 'காலை, கருவாட்டுக்கு. மாலை, காற்று வாங்குவோருக்கு' என்று எழுதி, அதற்குக் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் தட்சிணாமூர்த்தியின் பெயர் இருந்தது. போனால் போகிறது என்று தெரு விட்டுவிட்டது. கூடையைத் தூக்கியவர் அவர்தானே!

பலகை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தலைவர் ஒரு காலை நேரத்தில் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கம்பீரமாகத் திடலில் நின்றார்.

"தலைவரே, சும்மாதானே நிக்கிறீங்க?" என்று கொளஞ்சியம்மாள் ஒரு நீளக் குச்சியை நீட்டினாள். "இந்த ஓரத்த கொஞ்சம் பாத்துக்கங்க. ஒரு டீ குடிச்சிட்டு ஓடியாந்துடறேன்."

அவர் குச்சியைப் பார்த்தார். வலையில் வெள்ளியாகக் காய்ந்துகொண்டிருந்த நெத்திலியைப் பார்த்தார். பூவரச மரத்தில் வரிசையாக உட்கார்ந்து தன்னையே கவனித்துக்கொண்டிருந்த காக்கைகளையும் பார்த்தார். வெண்மதி பள்ளிக்கூடப் பையோடு அந்த வழியாகப் போனபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் திடலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

அன்று ஒரு காக்கைக்கும் ஒரு நெத்திலிகூடக் கிடைக்கவில்லை.